புறக்கோட்டில் நின்றவர்கள் – 14: பெஸ்காராவில் 88ஆவது நிமிடம்

சென்ற வாரம் ஹங்கேரியரான புஸ்காஸை வெம்பிளியில் விட்டு வந்தோம். 1971 யூன் 2ஆம் திகதி, தாம் பயிற்றுவித்த ஏதென்ஸ் நகரத்துப் பானத்தினைகோஸ் அணி அயாக்ஸிடம் 2–0 எனத் தோற்றதை அவர் புறக்கோட்டருகே நின்று பார்த்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. அதன் பின்னர் அவர் தேசம் தேசமாகச் சஞ்சரித்த கதையை இவ்வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால், அந்தக் கதைக்காக ஹங்கேரியரின் பழைய ஒலிம்பிக் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஆடிய அதே பிரிவில், அதே வாரத்தில், ஒரு தமிழருடைய பெயர் எதிர்ப்பட்டது. எதிர்ப்பட்ட கணம் முதல் இந்த இதழ் அச்சேறவேண்டிய நாள் வரையில் வேறொன்றிலும் என் மனம் செல்லவில்லை. புஸ்காஸ் அடுத்த வாரம் வருவார்.

ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா இதுகாறும் போட்ட கோல்கள் மொத்தம் பத்து. 1948இல் இலண்டனில் ஒன்று, 1952இல் ஹெல்சிங்கியில் ஒன்று, 1956இல் மெல்பேர்ணில் ஐந்து, 1960இல் உரோமில் மூன்று. அதற்குப் பின் அந்தத் தேசத்து அணி ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்குத் தகுதி பெற்றதே இல்லையாதலால், கணக்கு அந்தப் பத்தோடு நின்றுபோயிற்று. அவற்றுள் முதலாவதைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். பத்தாவதைப் போட்டவர் சைமன் சுந்தரராஜ். கும்பகோணத்துப் பெருமாளின் திருநாமம் தாங்கிய ஒருவர் தொடக்கிவைத்த வரிசையை, கலிலேயாக் கடலில் வலை வீசிய சீடரின் பெயர் தாங்கிய ஒருவர் முடித்துவைத்திருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான பரவசத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

ராமனைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லாமற் செல்ல இயலாது. 1948 யூலை 31ஆம் திகதி, இலண்டனின் கிழக்குப் புறத்து இல்போர்ட் மைதானத்தில், சுதந்திரம் பெற்று ஓராண்டும் நிறையாத இந்தியா பிரான்ஸை எதிர்த்து ஆடியது. வீரருட் பெரும்பாலோர் காலணி அணியாமலே களமிறங்கினர். இந்தியாவுக்கு இரண்டு தண்டனை உதைகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. 70ஆவது நிமிடத்தில் ராமன் சமநிலைக் கோலைப் போட்டார். தண்டனை உதைகளில் ஒன்றேனும் கோலாகியிருந்தால் அன்றைய சரித்திரம் வேறாக இருந்திருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோலைப் போட்டு 2–1 என்று வென்று சென்றது. தோற்றும் தலைநிமிர்ந்து திரும்பிய அந்த வெறுங்கால் வீரர்கள் நான்கு ஆண்டுகளின் பின் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோசிலாவியாவிடம் 10–1 என்று நிலைகுலைந்தார்கள். அந்த ஹெல்சிங்கியிலேதான் புஸ்காஸின் ஹங்கேரி தங்கப் பதக்கம் பெற்றது என்பதை இத்தொடரின் ஆரம்ப அத்தியாயங்களில் விரிவாகவே பார்த்தோம்.

இனி 1960. பதினாறு அணிகளை நான்கு பிரிவுகளாக வகுத்து, பிரிவுக்கு ஓர் அணி மாத்திரமே அரையிறுதிக்குச் செல்லலாம் என்று விதித்திருந்த அந்த ஒலிம்பிக்கில், இந்தியாவுக்கு வாய்த்த சகபாடிகள் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய மூன்று தேசங்கள். 1956ஆம் ஆண்டு புடாபெஸ்ட்டில் மூண்ட கிளர்ச்சியின் காரணமாக ஹங்கேரியின் உதைபந்தாட்ட அணி மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கு வராமலே விலகியிருந்தது; புஸ்காஸைத் தாயகம் திரும்பவொட்டாமற் செய்ததும் அதே கிளர்ச்சிதான். ஆகவே உரோமுக்கு வந்த ஹங்கேரியர் ஒரு புதிய தலைமுறையினர். அவர்களுக்குள் பதினெட்டு வயது நிரம்பிப் பத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் இருந்தான்: பெரென்ஸ்வாரோஷ் கழகத்து நடுமுன்கள வீரன் புளோரியன் அல்பேர்ட். ஏழு ஆண்டுகளின் பின், 1967இல், ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்குரிய தங்கப்பந்து விருதைப் பெற்றவன் அவன். ஹங்கேரியருள் அந்த விருதைப் பெற்றவர் அவரொருவரே. புஸ்காஸுக்கும் அது வாய்க்கவில்லை.

ஓகஸ்ட் 26ஆம் திகதி, மத்திய இத்தாலியின் மலைகளுக்கிடையே அமைந்த லாக்குவிலா என்னும் நகரில் இந்தியாவும் ஹங்கேரியும் சந்தித்தன. 24ஆவது நிமிடத்தில் கொரொச் ஒரு கோல். 56ஆவது நிமிடத்தில் அல்பேர்ட் ஒரு கோல். இத்தோடு ஆட்டம் ஒருபக்கமாய்ச் சரிந்துவிடும் என்று பார்த்திருந்தோர் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் 79ஆவது நிமிடத்தில் செக்கந்தராபாத்தின் துளசிதாஸ் பலராம் ஒரு கோலைத் திருப்பிப் போட்டார். முடிவு 2–1. இந்த முடிவின் மகிமையை அறிய வேண்டுமானால் அதே ஹங்கேரி அதே பிரிவில் ஏனைய இருவரையும் என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும்: பெருவை 6–2, பிரான்ஸை 7–0. பதக்கத்தோடு வீடு திரும்பிய அந்த அணியை, தன் பிரிவில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்துக்குள் நிறுத்தி வைத்தது இந்தியா மட்டுந்தான்.

அது தற்செயலாக நிகழ்ந்ததன்று. இந்திய அணியின் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்து அந்நகரத்துப் பொலிஸ் அணியைப் பயிற்றுவித்துப் பெயர் பெற்றவர். அவர் பெரிய ஆட்டக்காரராகப் பிரசித்தி பெற்றவரல்லர். ஆனால் பிறருடைய ஆட்டத்தைப் பார்த்துப் பிரித்துச் சேர்க்கும் புத்தி அவருக்கு இருந்தது. ஹங்கேரியர் 1953இல் வெம்பிளியில் ஆங்கிலேயரை 6–3 என்று தோற்கடித்தபோது, நடுமுன்கள வீரரான ஹிதெக்குட்டியைப் பின்னுக்கு இழுத்து ஆடவிட்டு எதிரணிக் காவலரைத் திகைக்கச் செய்தார்களே, அந்த யுக்தியின் சாரத்தைக் கிரகித்து, நம் உபகண்டத்து வீரர்களின் தேகவாகுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தவர் ரஹீம். 1956இல் மெல்பேர்ணில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் பெற்றதும் அவருடைய சிரத்தையின் பலன். ஜகார்த்தாவுக்கு அடுத்த ஆண்டே புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஹங்கேரியரின் சிந்தனையை எட்டவிருந்து பயின்றவர், அதே ஹங்கேரியருக்கு எதிரே தம் மாணாக்கரை நிறுத்திய அந்த லாக்குவிலா மாலையைப் பற்றி ஒரு தனி நூல் எழுதலாம். சைமன் சுந்தரராஜ் கற்றது இந்த மனிதரிடந்தான். பின்னால் வரப்போகும் கதைக்கு இது முக்கியம்.

மூன்று நாள் கழித்துக் கிரொசெற்றோவில் பிரான்ஸுடன் 1–1. தலைவர் பி. கே. பானர்ஜி போட்ட கோலை, ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் பிரான்ஸ் சமப்படுத்திவிட்டது. இதனால், செப்டெம்பர் 1ஆம் திகதி அட்ரியாற்றிக் கடலோரத்துப் பெஸ்காராவில் பெருவை எதிர்கொள்ளப் போனபோது, அரையிறுதிக் கதவு இந்தியாவுக்கு ஏற்கெனவே அடைபட்டுப் போயிருந்தது. அந்த ஆட்டமும் கைநழுவியது. தோல்வி நிச்சயமாகிவிட்ட நேரத்தில், வென்றவர்கள் மத்தியஸ்தரின் கடைசி விசிலை எதிர்பார்த்து நின்ற 88ஆவது நிமிடத்தில், தமிழ்நாட்டுக்காரராகிய சைமன் சுந்தரராஜ் பந்தைப் பெருவின் வலைக்குள் செலுத்தினார். 3–1. வேறெதுவும் மாறவில்லை. புள்ளி கூடவில்லை, பிரிவில் இடம் உயரவில்லை. அடுத்த நாட்களில் ஹங்கேரி டென்மார்க்கிடம் தோற்று, பின்னர் இத்தாலியை வென்று வெண்கலம் பெற்றதும், யூகோசிலாவியா தங்கம் பெற்றதுமே உலகத்தாரின் பேச்சாயிற்று.

இந்தக் கோல்தான் என்னை ஆட்கொண்டது. வென்றுகொண்டிருக்கும் அணியின் முன்கள வீரன் ஓடுவதற்குக் காரணம் தேவையில்லை; கூட்டத்தின் ஆரவாரமே அவனை உந்தும். சமநிலையில் நிற்பவனை ஆசை உந்தும். எல்லாம் முடிந்துவிட்டது என்று மைதானத்திலிருக்கும் அத்தனை பேரும் அறிந்த பிறகும், காவலருக்குப் பின்னாலுள்ள இடைவெளியைத் தேடி ஓடுகிற கால்களை எது உந்தும்? இத்தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுவருகிறேன்: கோல் போடுவதையே தன் பிறவிப் பயனாகக் கொண்டவன், கால் ஓய்ந்த பிறகு, கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்று, வேறொருவனுடைய கால் அந்தக் காரியத்தைச் செய்வதைப் பார்த்துத் திருப்தியடைய எவ்வாறு கற்றுக்கொள்கிறான்? பெஸ்காராவில் அதற்கு ஒரு விடையின் தொடக்கம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நமது குடாநாட்டு மைதானங்களில் இதற்குச் சாட்சியம் ஏராளம். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும், அப்பால் இளவாலையிலும், உதைபந்தாட்டம் ஊரோடு ஊறிய விஷயம். பாடும்மீன், சென். அன்ரனிஸ், சென். மேரிஸ், யங்ஹென்றிஸ் என்ற பெயர்களைக் கேட்டமாத்திரத்தில் நம் வாசகர் பலருக்கு ஏதாவதொரு சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் கண்முன் வந்து நிற்கும். துரையப்பா விளையாட்டரங்கிலே ஆட்டத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், புறக்கோட்டில் நிற்கும் பயிற்றுநரையும் பாருங்கள். முன்னாளில் ஊருக்குள் பெயர்போன முன்கள வீரராயிருந்தவர் எனின் அவருடைய வலது கால் சும்மா இராது. தம்பிமாருள் யாராவது பந்தை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் அது வெறும் புழுதியை உதைக்கும். பெரும் திறமையாளராயிருந்து, தமக்கு எளிதில் வந்த காரியம் பிறருக்கு ஏன் வரவில்லை என்று விளங்காமல், “உதையடா, உதை!” என்று கத்துவதோடு முடித்துக்கொள்பவர்கள் ஒரு வகை. “தம்பி, பந்து அங்கை, நீ ஏன் இஞ்சை நிக்கிறாய்? பின்னுக்கு வா, இடம் எடு” என்று, பந்தில்லாத நேரத்து ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே நிற்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் பெரும்பாலும் தம் காலத்தில் அதிகம் கோல் போட்டவர்களாயிருப்பதில்லை என்பது என் நெடுநாளைய அவதானம்.

இங்கே நமது எதிர்வீரசிங்கத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. யாழ். மத்திய கல்லூரியின் மைந்தர். ஹெல்சிங்கி, மெல்பேர்ண் இரு ஒலிம்பிக்குகளிலும் உயரம் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதல் தங்கத்தை ஈட்டித் தந்தவர். இராமனும் சைமனும் இந்தியாவுக்காக ஒலிம்பிக் களத்தில் நின்ற அதே காலப்பகுதியில், நம் ஊர்ப் பிள்ளையும் அந்தச் சபையில் இடம்பெற்றிருந்தார் என்பது ஒரு தலைமுறையின் பெருமிதம். உயரம் பாய்பவனின் கலை அவனோடு அவன் தனியே நிகழ்த்துவது. குறுக்குத்தடி விழுந்தாலும் நின்றாலும் கணக்கு அவனுடையதே. உதைபந்தாட்டத்தில் அந்தத் தனிமை இல்லை. பந்து வந்து சேருவதற்கே பத்துப் பேருடைய உழைப்பு வேண்டும். முன்கள வீரன் பயிற்றுநராகும்போது இந்தக் கடன்களையெல்லாம் எண்ணிப் பார்க்கத் தொடங்குகிறான்.

அல்பேர்ட் அதை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பைக் குறைவாகவே பெற்றார். 75 தடவை ஹங்கேரிக்காக ஆடி 31 கோல்கள் போட்டவர். 1962 உலகக் கிண்ணத்தில் நான்கு கோல்களோடு அதிக கோல் போட்டவர் வரிசையின் முதலிடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டவர். 1966இல் லிவர்பூல் நகரில் பிரேசிலை 3–1 என ஹங்கேரி சாய்த்தபோது பார்த்திருந்தோரைப் பிரமிக்கச் செய்தவர். 1969இல் டென்மார்க்குக்கு எதிரான ஆட்டமொன்றில் கால் முறிந்த பின் பழைய வேகம் திரும்பவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் லிபியாவின் பென்காசி நகருக்குச் சென்று அல்-அஹ்லி கழகத்தைப் பயிற்றுவித்தார். எண்பதுகளிலும் அங்கே மீண்டும் போனார். சொந்தத் தேசத்தின் பெரிய அணி எதுவும் அவருடைய பயிற்சியில் வளரவில்லை. ஆயினும் அவர் மீது ஹங்கேரியர் கொண்ட பக்தி குன்றவில்லை. 2007இல், அவர் உயிரோடிருக்கையிலேயே, பெரென்ஸ்வாரோஷ் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2011இல் அவர் காலமானார். அவருடைய கால்களில் இருந்த வித்தை அவரோடு தோன்றி அவரோடு மறைந்தது என்றே நினைக்கிறேன். மழையைப் பார்த்து மழையைக் கற்க முடியாதது போல, அல்பேர்ட்டைப் பார்த்து அல்பேர்ட்டாவதற்கு வழியில்லை.

சைமன் சுந்தரராஜின் பிற்கால வாழ்வு வேறு விதமாக அமைந்தது. அவர் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற அணிகளுள் சரித்திரத்தில் நிலைத்தது கேரளம். யாழ்ப்பாணத்தவருக்கு மலையாள நாடு அந்நியமன்று. நம் புகையிலைச் சிப்பங்கள் தலைமுறை தலைமுறையாய்த் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியதை நம் பாட்டன்மார் கதையாகச் சொல்வார்கள். புட்டும் தேங்காய்ப்பூவும் இரு கரையிலும் ஒன்றே. அந்தக் கரையில் உதைபந்தாட்டத்துக்கு இருக்கும் வெறியும் நம் கரையோரக் கிராமங்களின் வெறியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஆனால் இந்திய மாகாண அணிகளுக்கான சந்தோஷ் கிண்ணம் 1941இல் தொடங்கியதிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், வங்காளமும் ஹைதராபாத்தும் மைசூரும் ஏந்திய அந்தக் கிண்ணம் மலையாளிகளின் கைக்கு எட்டியிருக்கவில்லை.

1973 டிசெம்பர், எர்ணாகுளம். சொந்த மண்ணில் கேரளம் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே ரயில்வே அணி. கேரளத்தின் தலைவர் ஆலுவாய் உரத்தொழிற்சாலை அணியின் முன்கள வீரர் டி. கே. எஸ். மணி, பயிற்றுநர் சைமன் சுந்தரராஜ். கேரளம் 3–2 என்று வென்றது. மூன்று கோல்களையும் போட்டவர் மணி. அன்று தொட்டு அவர் இறக்கும் வரையில் மலையாளிகளுக்கு அவர் ‘கப்டன் மணி’தான்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தோற்றுப்போன ஓர் ஆட்டத்தின் 88ஆவது நிமிடத்தில், எவருக்கும் பயன்படாத ஒரு கோலைப் போட்ட மனிதர், இப்போது கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அவர் பயிற்றுவித்த முன்கள வீரனொருவன் ஒரு மாநிலத்தின் முப்பதாண்டு ஏக்கத்தைத் தீர்க்கும் மூன்று கோல்களைப் போடுகிறான். அந்த மூன்றிலும் சைமனுடைய பங்கு எவ்வளவு என்று அளந்து காட்ட எந்தக் கருவியும் இல்லை. அளக்க முனைவதும் முறையன்று, கோல்கள் மணியுடையவை. ஆனால் 3–2 என்ற ஓர் இறுதியாட்டத்தில், ஒரு கோல் முந்திக்கொண்டு, எதிரணி மூச்சுவிடாமல் நெருக்கிக்கொண்டிருக்கும் கடைசி நிமிடங்களில், ஓட்டத்தை நிறுத்தாதிருக்கும்படி வீரருக்குச் சொல்ல அதிகாரம் பெற்ற ஒருவர் அந்த மைதானத்தில் இருந்தாரென்றால், அவர் பெஸ்காராவில் ஓடியவர்தான். ரஹீம் ஹங்கேரியரிடமிருந்து எடுத்துத் தம் மாணாக்கருக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி இவ்வாறு எர்ணாகுளத்துக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இந்தச் சங்கிலியில் இன்னுமொரு கண்ணி உண்டு. 1973 அணியின் உபதலைவர் டி. ஏ. ஜாபர். கிண்ணம் மறுபடி கேரளத்துக்கு வரப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1992இல் அது வந்தபோது, தலைவராயிருந்தவர் வி. பி. சத்தியன், பயிற்றுநர் வேறு யாருமல்லர், அந்த ஜாபரே. மறு ஆண்டும் அவர் பயிற்றுவித்த கேரளமே வென்றது. 1992ஆம் ஆண்டு இறுதியாட்டம் நடந்த ஊர் கோயம்புத்தூர். தமிழர் ஒருவர் மலையாள மண்ணில் வளர்த்த அணியின் வீரர், தாமே பயிற்றுநராகித் தமிழ் மண்ணுக்கு வந்து கோவாவை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோயிருக்கிறார்.

சைமனைப் பற்றி நான் எழுத எண்ணியதில் பாதிக்கும் மேலாக இந்த வாரத்தின் பக்கங்களுக்குள் அடங்கிவிட்டது. புஸ்காஸுக்கோ ஒரு பந்திகூட எஞ்சவில்லை. சவூதி அரேபியா, எகிப்து, பரகுவே என்று அலைந்த அவர், 1989இல் அறுபதைத் தாண்டிய வயதில் மெல்பேர்ணுக்கு வந்து, கிரேக்கக் குடியேறிகள் நிறுவிய சவுத் மெல்பேர்ண் ஹெல்லாஸ் கழகத்தைப் பொறுப்பேற்றார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. ஏதென்ஸில் கற்ற கிரேக்கம் வரும். அணியின் இளந்தலைவன் கிரேக்கத்திலிருந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை, அஞ்சி பொஸ்டெகோக்லு. பெரியவரைக் காரில் ஏற்றிச் செல்வதும், அவர் சொல்வதை ஏனையோருக்கு மொழிபெயர்ப்பதும் அவன் பொறுப்பு. அந்தக் காருக்குள் நடந்த பாடங்களைப் பற்றியும், 1991இல் அந்தக் கழகம் தண்டனை உதைகளில் வென்ற சம்பியன் பட்டத்தைப் பற்றியும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.